முடக்குவாதம்: மரபணுவும் தன்னெதிர்ப்பொருள்களும் (மலேசிய ஆய்வு)

உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த மூட்டுகளையே தாக்குவதால் வரும் நீடித்த நோய் முடக்குவாதம். இதன் மரபணுக் காரணிகளை ஐரோப்பியரிடமே அதிகம் ஆராய்ந்த காலத்தில், மலேசியாவின் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரையும் தனித்தனியே கணக்கிட்டது ‘மைஐரா’ ஆய்வு. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனமும் இதில் இணைந்தன. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் வாழும் தமிழர்களுக்கு இதன் அருமை பெரிது: மலேசிய இந்தியருள் பெரும்பான்மையினர் தமிழரே.

புரதத்திலுள்ள ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் சிட்ருலினாக மாறும்போது, சிலரது உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவை இரத்தத்தில் தென்படலாம். பழைய இரத்தப் பரிசோதனை தேடும் ‘ருமட்டாய்டு காரணி’ என்ற தன்னெதிர்ப்பொருள் வேறு நோய்களிலும் காணப்படும். சிட்ருலின் எதிர்ப்பொருளே முடக்குவாதத்தைத் துல்லியமாகச் சுட்டுகிறது.

ஆறாம் குரோமோசோமிலுள்ள எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 மரபணுவின் சில வடிவங்கள் ‘பகிர்ந்த எபிடோப்’ எனும் ஒத்த அமினோ அமில வரிசையைக் கொண்டவை. மூன்று இனத்தவரிடமும், சிட்ருலின் எதிர்ப்பொருள் உள்ள முடக்குவாதத்தின் அபாயத்தை இவை கூட்டுவதாக 2011இல் வெளியான மைஐரா முடிவுகள் காட்டின. இவ்வடிவங்களுள் 10:01 குறிப்பிடத்தக்கது.

புகைபிடித்தலும் சிட்ருலின் எதிர்ப்பொருள் உள்ள இவ்வகை நோயின் அபாயத்தை உயர்த்துகிறது. மரபணுவும் சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும். ஆயினும் இம்மரபணு வடிவம் உள்ளோரில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. எதிர்ப்பொருள் காணப்படாமலும் முடக்குவாதம் வரலாம் என்பதால், காலையில் நெடுநேரம் விறைக்கும் வீங்கிய விரல்களை இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி ஒதுக்கிவிடக் கூடாது.