சித்தரஞ்சன் யாக்னிக்

சித்தரஞ்சன் யாக்னிக், புனே கே.ஈ.எம். மருத்துவமனை ஆராய்ச்சி மையத்தின் நீரிழிவுப் பிரிவைப் பல்லாண்டுகள் வழிநடத்திய மருத்துவர், ஆய்வாளர். இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் இளம் வயதிலேயே வருகிறது. தொப்பை இல்லாதவர்களையும் அது விடுவதில்லை. இதற்கான காரணத்தை நோயாளியின் சாப்பாட்டுத் தட்டில் மட்டும் தேடாமல், அவரைச் சுமந்த தாயின் உணவிலும் தேடியவர் இவர்.

இவருடைய ஆய்வுகளில் பரவலாக அறியப்பட்டது, 2004இல் ‘லான்செட்’ இதழில் லண்டன் பேராசிரியர் ஜான் எஸ். யுட்கினுடன் சேர்ந்து வெளியிட்ட ஒரு சிறு குறிப்பு. அதில் சோதனைக்கு உள்ளானவர்கள் ஆசிரியர்கள் இருவருமேதான். இருவருக்கும் உடல்நிறைக் குறியீட்டெண் 22.3. ஆனால் ஸ்கேன் செய்து பார்த்தபோது யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலில் 21.2. எடையையும் உயரத்தையும் மட்டும் வைத்து ஒருவரை ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுப்பது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. (சர்க்கரையின் தீமை பற்றி 1972இல் நூல் எழுதிய ஜான் யுட்கின் வேறொருவர். பெயர்க்குழப்பம் அடிக்கடி நேர்கிறது.)

இந்தக் கொழுப்பு எப்போது சேர்கிறது? கருவில் நேரும் வளர்ச்சிக் குறை பிற்கால நோய்களுக்கு வழிவகுக்கிறது என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் டேவிட் பார்க்கர் சொல்லிவந்தார். அவரது குழுவைச் சேர்ந்த கரோலின் ஃபாலுடன் இணைந்து, புனேயை அடுத்த ஆறு கிராமங்களில் யாக்னிக் 1993இல் ஒரு நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார். மணமான பெண்களைக் கருவுறுவதற்கு முன்பே பதிவு செய்தார்கள். களப்பணியாளர்கள் மாதந்தோறும் வீட்டுக்குச் சென்று மாதவிலக்குத் தேதியைக் குறித்துக்கொண்டார்கள். கரு எத்தனை வாரத்தது என்பதை அறிய அது உதவியது. பெண்களின் சராசரி எடை ஏறத்தாழ 42 கிலோ.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ இருந்தன. சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. வியப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலை மடித்துப் பிடித்துக் கருவியால் அளந்தபோது, கிராமத்துக் குழந்தைகளின் தோலடிக் கொழுப்பு எடையளவுக்குக் குறைந்திருக்கவில்லை. குறைந்திருந்தவை கைத் தசையும் வயிற்றின் சுற்றளவும். பார்வைக்கு நோஞ்சான்; உடலமைப்பிலோ தசை குறைந்து கொழுப்பு மிஞ்சிய குழந்தை. இந்தியக் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலின் கூடுதலாக இருந்ததை 2002இல் வெளியான ஓர் ஒப்பீடு காட்டியது. ஒப்பிடப்பட்டவை லண்டனில் பிறந்த வெள்ளையினக் குழந்தைகள்.

தாய்மார்களின் உணவில் மொத்தக் கலோரியைவிடக் கீரை, பழம், பால் ஆகியவையே குழந்தையின் பிறப்பளவோடு அதிகம் தொடர்புற்றிருந்தன. இரத்தப் பரிசோதனையில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்களுக்கு வைட்டமின் பி12 குறைவு. ஃபோலேட் குறைபாடோ அரிது. இறைச்சியும் முட்டையும் எப்போதாவது கிடைக்கும் வீடுகளில் பி12 குறைவது எதிர்பார்க்கக்கூடியதே. குழந்தைகளுக்கு ஆறு வயதானபோது, பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளிடம்தான் இன்சுலின் எதிர்ப்பு மிக அதிகம். கர்ப்பிணிகளுக்கு அரசு வழங்கும் மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உண்டு, பி12 இல்லை. ஆகவே 2008இல் வெளியான இந்த முடிவு விவாதத்தைக் கிளப்பியது. ஆனால் அது தொடர்பைக் காட்டியதே தவிர, காரணத்தை நிறுவவில்லை.

அதே பிள்ளைகள் 18 வயதை எட்டியபோது ஆண்களில் 37 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 18 விழுக்காட்டினருக்கும் இரத்தச் சர்க்கரை இயல்பை மீறியிருந்தது. பெரும்பாலோர் ஒல்லியானவர்கள். கருவில் வளர்ச்சி குன்றியவர்களின் கணையத்தால் தேவைக்கேற்ப இன்சுலினைக் கூட்டிச் சுரக்க முடியவில்லை என்று ஆய்வுக்குழு கருதியது. கொழுப்பை மட்டும் குற்றம் சொல்லும் விளக்கம் இங்கே போதவில்லை.

பி12 குறைவுதான் காரணமா என்று சோதிக்க, இதே தலைமுறையினருக்குப் பதின்வயதிலிருந்தே நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராம் பி12 கொடுக்கும் ‘பிரியா’ சோதனை 2012இல் தொடங்கியது. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் எடை கூடவில்லை; ஆனால் இரண்டு வயதில் அறிவு, மொழி வளர்ச்சியில் முன்னேற்றம் தெரிந்தது. சர்க்கரை நோய் குறைகிறதா என்பதற்கு அக்குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாக வேண்டும்.