ஃபைபர் ஒட்ட சில விநாடிதான்... நெட் திரும்பி வர ஏன் பல மணி நேரம்? கேபிள் டெக்னீஷியன்களின் வேலை எப்படி நடக்கிறது?

வீட்டு மோடத்தில் 'எல்.ஓ.எஸ்' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தால் நெட் போச்சு என்று இன்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். புகார் கொடுத்தால், "ஃபைபர் கட் ஆகியிருக்கு சார், ஆள் போயிருக்காங்க" என்று பதில் வரும். சில நேரம் ஒரு மணி நேரத்தில் சரியாகும். சில நேரம் மறுநாள்தான்.

இத்தனைக்கும், அறுந்த கண்ணாடி இழையை உருக்கி ஒட்டும் மெஷின் தன் வேலையைச் சில விநாடிகளில் முடித்துவிடும். அப்படியென்றால் மற்ற நேரமெல்லாம் எங்கே போகிறது? அந்த நேரத்தைக் குறைக்கச் சொல்லி அவசரப்படுத்தினால் யாருக்கு ஆபத்து? பார்ப்போம்.

கேபிளுக்குள் என்ன இருக்கிறது?

கறுப்பு கேபிளை உரித்தால் உள்ளே இருப்பது கண்ணாடி இழைகள். ஒரு இழையின் தடிமன் 125 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்கும் நடுவில், சுமார் 9 மைக்ரான் அகலமுள்ள மையப் பகுதியில்தான் வெளிச்சம் பயணிக்கிறது. உங்கள் வீடியோ கால், வங்கிப் பணம், சீரியல் எல்லாமே அந்த வெளிச்சத்தின் துடிப்புகளாகத்தான் வருகின்றன.

கண்ணாடி இழை வழியாக வெகுதூரத்துக்குச் செய்தி அனுப்ப முடியும் என்று 1966-ல் சொன்னவர் சார்லஸ் காவ். அதற்காக 2009-ல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

செம்புக் கம்பி அறுந்தால் இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றிவிடலாம். கண்ணாடியில் அது நடக்காது. அந்த 9 மைக்ரான் மையங்கள் இரண்டும் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். கொஞ்சம் விலகினாலும் வெளிச்சம் வெளியே சிதறிவிடும்.

முதல் கேள்வி: ஒரு வீடா, ஒரு தெருவா?

நெட் கம்பெனி அல்லது கேபிள் ஆபரேட்டரின் அலுவலகத்தில் 'ஓஎல்டி' என்ற பெட்டி இருக்கும். அதிலிருந்து கிளம்பும் ஒரே ஒரு இழை, வழியில் 'ஸ்ப்ளிட்டர்' மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை.

புகார் வந்ததும் அலுவலகத்தில் இருப்பவர் முதலில் பார்ப்பது, எத்தனை வீடு விழுந்திருக்கிறது என்பதைத்தான். ஒரே வீடு என்றால் அந்த வீட்டுக்கு வரும் மெல்லிய ட்ராப் கேபிளில் பிரச்சினை இருக்கலாம். ஒரே நேரத்தில் 30 வீடு விழுந்தால் மெயின் கேபிளில் கை வைக்க வேண்டும்.

இன்னொரு வசதியும் உண்டு. கரண்ட் போய் மோடம் அணையும்போது, அது அணைவதற்கு முன் 'எனக்குக் கரண்ட் இல்லை' என்று ஒரு கடைசித் தகவலை அனுப்பும். ஃபைபர் அறுந்தால் அந்தத் தகவல் வராது. கரண்ட் கட்டா, கேபிள் கட்டா என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே ஓரளவு கண்டுபிடிக்க இது உதவுகிறது.

வீட்டுக்கு வரும் டெக்னீஷியன் கையில் பவர் மீட்டர் இருக்கும். வந்து சேரும் வெளிச்சம் எவ்வளவு என்று அது 'டிபிஎம்' கணக்கில் காட்டும். பொதுவாக மைனஸ் 27 வரை மோடம் தாங்கும். அது ஒரு மில்லிவாட்டில் 500-ல் ஒரு பங்குதான். அதற்கும் கீழே போனால் சிவப்பு விளக்குதான். பல நேரங்களில் கேபிள் அறுந்தே இருக்காது. சோபாவுக்குப் பின்னால் ஒயர் நசுங்கியிருக்கும், கனெக்டர் முனையில் தூசி ஒட்டியிருக்கும். ஆல்கஹாலில் துடைத்தாலே நெட் வந்துவிடும்.

அறுந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மெயின் கேபிள் பிரச்சினை என்றால் 'ஓடிடிஆர்' என்ற கருவி வேண்டும். இது இழைக்குள் ஒரு வெளிச்சத் துடிப்பை அனுப்பும். கண்ணாடியில் அந்த வெளிச்சம் போகும் வழியெல்லாம் துளித்துளியாகச் சிதறி, அதில் ஒரு பகுதி திரும்பி வரும். அது வர எடுக்கும் நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்கிடும். கண்ணாடிக்குள் வெளிச்சத்தின் வேகம் விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். எனவே ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப சுமார் 10 மைக்ரோ விநாடி ஆகும்.

திரையில் ஒரு கோடு வலப்பக்கம் மெதுவாகச் சரிந்துகொண்டே போகும். இழை அறுந்த இடத்தில் அந்தக் கோடு சட்டென்று கீழே விழும். உதாரணமாக 3.42 கிலோமீட்டர் என்று காட்டும்.

சிக்கல் இங்கேதான். 3.42 என்பது இழையின் நீளம், சாலையின் நீளம் இல்லை. பின்னாளில் பழுது பார்க்க உதவும் என்று கம்பங்களிலும் குழிகளிலும் பல மீட்டர் கேபிளைச் சுருட்டி 'லூப்' விட்டிருப்பார்கள். கேபிளுக்குள் இழைகளும் நேராக இல்லாமல் சுற்றிச் சுற்றித்தான் போகும். அதனால் கருவி காட்டும் தூரத்தை வைத்துக்கொண்டு, எங்கே எவ்வளவு லூப் இருக்கிறது என்று கழித்து, மேல் உறையில் மீட்டர் கணக்கில் அச்சிட்ட எண்களைப் பார்த்து, டார்ச் அடித்துக்கொண்டே நடந்துதான் இடத்தைப் பிடிக்க வேண்டும். லூப் கணக்கை யாரும் எழுதி வைக்காத ஊரில் இந்தத் தேடலே பாதி இரவைத் தின்றுவிடும்.

கேபிளை அறுப்பது யார்?

தரைக்கு அடியில் போகும் கேபிளுக்கு முதல் எதிரி ஜேசிபி. சாலை விரிவாக்கம், மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய் என்று எதற்குத் தோண்டினாலும் கேபிளில் பல் படலாம். மேலே போகும் கேபிளுக்கு உயரமான லாரி, முறிந்து விழும் மரக்கிளை, கம்பத்தடியில் எரிக்கப்படும் குப்பை, எலி, அணில் என எதிரிகள் அதிகம். செம்பு இருக்கும் என்று நினைத்து வெட்டும் திருடர்களும் உண்டு. உள்ளே இருப்பது கண்ணாடிதான், விற்றால் காசு வராது.

தோண்டுபவரும் கேபிள் வைத்திருப்பவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யு டிக்' என்ற செயலியை மத்திய அரசு கொண்டுவந்தது. எங்கே தோண்டப் போகிறோம் என்று அதில் பதிவு செய்தால், அந்த இடத்தில் கேபிளோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்.

ஜாயின்ட் போடுவது எப்படி?

இடம் கிடைத்ததும் கேபிள் உறையை உரித்து, உள்ளே இருக்கும் பிசுபிசுப்பான ஜெல்லைத் துடைக்க வேண்டும். பிறகு இழை மேல் இருக்கும் பிளாஸ்டிக் பூச்சை எடுத்து, ஆல்கஹாலில் சுத்தம் செய்து, 'கிளீவர்' கருவியால் முனையைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். வெட்டு சாய்ந்தால் ஜாயின்ட் கெட்டுவிடும்.

இரண்டு முனையையும் ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்ததும், அதுவே கேமராவில் பார்த்து நேராக்கி, மின்பொறியால் உருக்கி ஒட்டும். எவ்வளவு வெளிச்சம் இழப்பாகும் என்ற மதிப்பையும் திரையில் காட்டும். 0.1 டெசிபலுக்குக் கீழே இருந்தால் நல்ல ஜாயின்ட். அதிகமாகக் காட்டினால் வெட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஒட்டிய இடத்தின் மேல் ஒரு சிறு குழாயைச் சூடாக்கிச் சுருக்கி, டிரேயில் அடுக்கி, தண்ணீர் புகாத பெட்டியில் மூடுவார்கள்.

கூட்டிக் கழித்தால் ஒரு இழைக்குச் சில நிமிடம். ஆனால் மெயின் கேபிளில் ஒரு இழை மட்டும் இருக்காது. 24, 48, 96 கோர் என்று இருக்கும். ஜேசிபி இழுத்த கேபிள் வேறு இடங்களிலும் சேதமாகியிருக்கும் என்பதால், அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கேபிள் துண்டை நடுவில் சேர்ப்பார்கள். அப்போது இரண்டு பக்கமும் ஜாயின்ட் போட வேண்டும். 48 கோர் என்றால் 96 ஒட்டு. ஒன்றுக்கு 5 நிமிடம் என்று வைத்தாலே 8 மணி நேரம். இரண்டு குழு இரண்டு முனையிலும் உட்கார்ந்தால் 4 மணி நேரம். அதனால்தான் அதிகம் பேர் பயன்படுத்தும் இழைகளை முதலில் ஒட்டுவார்கள். பக்கத்துத் தெருவுக்கு நெட் வந்து உங்களுக்கு வராமல் இருக்க இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இதில் நிறம் முக்கியம். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், வெளிர் நீலம் என 12 நிறங்களை வைத்துத்தான் இழைகளை அடையாளம் காண்கிறார்கள். மாற்றி ஒட்டினால் ஒருவரின் லைன் இன்னொருவருக்குப் போய்விடும். நிறக் குருடு உள்ளவர்களுக்கு இந்த வேலை கடினம்.

உயிருக்கு ஆபத்து எங்கே?

கண்ணாடியில் கரண்ட் பாயாது. அதை நம்பி, ஃபைபர் வேலையில் ஷாக் அடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மேலே தொங்கும் பல கேபிள்களில் எடை தாங்க இரும்புக் கம்பி இருக்கும். மண்ணுக்குள் போகும் சில கேபிள்களில் இரும்புக் கவசம் இருக்கும். அந்தக் கம்பி எங்கோ ஒரு இடத்தில் மின்கம்பியை உரசினால், அடுத்த தெருவில் அதைத் தொடுபவருக்கும் ஷாக் அடிக்கலாம். தமிழ்நாட்டில் ஏராளமான கேபிள்கள் ஈபி கம்பங்களில்தான் போகின்றன. மழை, ஈரமான கம்பம், நனைந்த ஏணி, "சீக்கிரம் முடிங்க" என்று விடாமல் வரும் போன். இவை சேரும்போதுதான் விபத்து நடக்கிறது.

அதனால் வேலைக்கு அடிப்படை விதிகள் உண்டு. மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்தாமல் மின்கம்பிக்கு அருகே போகக் கூடாது. கேபிளைத் தொடுவதற்கு முன் டெஸ்டரால் சோதிக்க வேண்டும். ஹெல்மெட், இடுப்பு பெல்ட், ரப்பர் கையுறை இல்லாமல் ஏறக் கூடாது. தனியாக ஏறக் கூடாது. மூடிக் கிடந்த குழிக்குள் விஷவாயு இருக்கலாம் என்பதால், காற்றைச் சோதிக்காமல் இறங்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இன்னும் இரண்டு. ஃபைபரில் வருவது அகச்சிவப்பு லேசர், கண்ணுக்குத் தெரியாது. 'வெளிச்சம் வருதா' என்று முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பவருக்குக் கண் பாதிக்கப்படலாம். கேபிள் டிவியும் அதே ஃபைபரில் வரும் இடங்களில், சிக்னலைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர் இருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம். அடுத்தது, வெட்டி எறியும் கண்ணாடித் துணுக்கு. தோலில் ஏறினால் கண்டுபிடித்து எடுப்பதே கஷ்டம். அதனால்தான் துணுக்குகளை மூடி போட்ட டப்பாவில் சேர்ப்பதும், ஜாயின்ட் போடும் இடத்தில் சாப்பிடாமல் இருப்பதும் கட்டாயம்.

இந்த வேலைக்கு வர என்ன வேண்டும்?

ஐடிஐ அல்லது டிப்ளமோ முடித்தவர்கள் அதிகம் வருகிறார்கள். தொலைத்தொடர்புத் துறை திறன் கவுன்சில் 'ஆப்டிகல் ஃபைபர் டெக்னீஷியன்', 'ஆப்டிகல் ஃபைபர் ஸ்ப்ளைசர்' ஆகிய பணிகளுக்குப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. தேவை குறையப் போவதில்லை. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைப்பதுதான் பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்தின் பணி. போட்ட கேபிளைப் பராமரிக்க ஆட்கள் வேண்டும்.

ஆனால் வேலை தருபவர் பெரும்பாலும் நெட் கம்பெனி இல்லை. அதன் ஒப்பந்ததாரரோ, அவருக்குக் கீழே இருக்கும் துணை ஒப்பந்ததாரரோதான். சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை:

- சம்பளம் மாதக் கணக்கா, ஜாயின்ட் கணக்கா?
- பாதுகாப்பு உபகரணங்களை யார் தருவார்கள்?
- இஎஸ்ஐ, விபத்துக் காப்பீடு உண்டா?
- இரவு வேலைக்குக் கூட ஒரு ஆள் வருவாரா?
- மழையில் கம்பம் ஏற மறுத்தால் சம்பளம் பிடிப்பார்களா?

கடைசிக் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்பதைக் கவனித்துக் கேட்பது நல்லது.

நெட் போனால் நீங்கள் என்ன செய்யலாம்?

- மோடத்துக்குக் கரண்ட் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.
- எந்த விளக்கு எரிகிறது, பக்கத்து வீட்டிலும் போயிருக்கிறதா என்பதைப் புகாரிலேயே சொல்லுங்கள். தேடும் நேரம் குறையும்.
- மஞ்சள் அல்லது வெள்ளை நிற மெல்லிய ஒயரை மடக்காதீர்கள், ஆணி அடித்து நசுக்காதீர்கள்.
- கனெக்டரைக் கழற்றி முனையைத் தொடாதீர்கள். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது.
- தெருவில் அறுந்து தொங்கும் கேபிளை, 'நெட் ஒயர்தானே' என்று கையால் ஒதுக்காதீர்கள். மின்கம்பியில் பட்டிருக்கலாம். உடனே மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.
- வீட்டு வாசலில் பள்ளம் தோண்டுவதாக இருந்தால், உங்கள் கேபிள் ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தோண்டுங்கள்.
- மழை பெய்யும்போது வந்து நிற்கும் டெக்னீஷியனிடம், "மழை விட்டதும் ஏறுங்க தம்பி" என்று சொல்லுங்கள். அவர் காத்திருப்பதற்கு வாடிக்கையாளரே சம்மதிக்கிறார் என்று அவரால் அலுவலகத்துக்குச் சொல்ல முடியும்.