கார்னவலே மாளிகை: அழிவும் காப்பும்

பாரிசு மாநகரின் வரலாற்றை ஆராய்வார்க்குக் கார்னவலே அருங்காட்சியகம் இன்றியமையாத களஞ்சியமாகும். ஆயினும், அதனுள் உள்ள பொருள்களை நோக்குவாருள் பலர், அவற்றைத் தாங்கி நிற்கும் மாளிகையை நோக்குவதிலர். அம்மாளிகையே முதற்சான்று என்பதும், ஒரு நகரை இடித்த கையே அதன் நினைவையும் காக்க முனைந்த முரண்பாட்டை அது காட்டி நிற்கின்றது என்பதும் ஈண்டு நாம் நிறுவ விழையும் கருத்துகளாகும்.

மரே என்னும் பகுதியில் உள்ள இது, பிரெஞ்சு மொழியில் ‘ஒத்தேல்’ எனப்படும் வகையினது. அச்சொல் ஈண்டு உணவு விடுதியைக் குறித்ததன்று. உயர்குடியினர் நகரில் வாழ அமைத்துக்கொண்ட பெருமனையைக் குறித்தது. பாரிசின் உயர்நீதி மன்றத் தலைவருள் ஒருவரான ழாக் தெ லிஞெரி என்பார்க்காக இதன் கட்டட வேலை 1548 இல் தொடங்கியது. 1578 இல் கெர்னெவெனுவா என்னும் பிரெத்தாஞ்சுப் பிரபுவின் கைம்பெண் இதனை வாங்கினார். பாரிசு மக்களின் நாவிற்கு அப்பெயர் எளிதில் வாராமையின், அது ‘கார்னவலே’ எனத் திரிந்தது. மரூஉ மொழிகளை ஆராய்வார்க்கு இஃது ஏற்ற எடுத்துக்காட்டாகும். வாயிலின் உச்சிக் கல்லில் வேடத் திருவிழாவின் முகமூடி ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. ‘கார்னவல்’ என்னும் திருவிழாப் பெயரோடு மனைப்பெயரை இயைத்த சொல்விளையாட்டு அது. திரிந்த பெயருக்குப் பிறந்த பொருள் கல்லிலும் ஏறிவிட்டது.

1660 அளவில் கட்டடக் கலைஞர் பிரான்சுவா மான்சார் இதனை மாற்றியமைத்தார். மகளுக்கு எழுதிய மடல்களாற் புகழ்பெற்ற செவிஞே சீமாட்டியார் 1677 முதல் 1696 வரை இதனை வாடகைக்குக் கொண்டிருந்தார்.

இனி, மாளிகை அருங்காட்சியகம் ஆன வகையைக் காண்போம். 1853 முதல் 1870 வரை சேன் மாவட்ட ஆட்சித் தலைவராய் இருந்த ஓசுமான், பழந்தெருக்களை இடித்து அகன்ற சாலைகளை அமைத்தார். அவர் காலத்திலேயே, அவர் தூண்டுதலால், 1866 இல் நகராட்சி இம்மாளிகையை வாங்கியது. மறையும் நகரின் சின்னங்களைத் தொகுத்து வைத்தலே நோக்கம்.

ஆயின், தொகுத்து வைத்தல் மட்டுமே காப்பு ஆகாது என்பதை 1871 ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு மே மாதம், பாரிசுக் கம்யூன் வீழ்ந்த நாள்களில், நகராட்சி மாளிகை தீக்கிரையாயிற்று. அங்கிருந்த நகர நூலகமும் எரிந்தது. 1860 க்கு முற்பட்ட பிறப்பு, மண, இறப்புப் பதிவேடுகளின் இரு படிகளும் வெவ்வேறு கட்டடங்களில் இருந்தும் அத்தீயில் அழிந்தன. ஒரு நகரத்து மக்களின் பெயர்களே மறைந்தன எனல் மிகையன்று. அந்நிலையில் நூலகர் ழூல் குசேன் தாம் சேர்த்த நூல்களையும் ஓவியப் படிகளையும் நகருக்கு ஈந்தார். அழிந்த நூலகம் அக்கொடையினின்று கார்னவலேயில் மீண்டும் முளைத்தது. 1880 இல் அருங்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அரசு சேர்த்தது எரிய, தனியொருவர் வீட்டில் சேர்த்தது எஞ்சியது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

முற்றத்தில் நிற்கும் பதினான்காம் லூயி மன்னனின் வெண்கலச் சிலையும் இதற்குச் சான்றாகும். 1689 இல் நகராட்சி மாளிகையில் நிறுவப்பட்ட அது, அரசர் சிலைகள் உருக்கப்பட்ட புரட்சிக் காலத்திலும் 1871 ஆம் ஆண்டுத் தீயிலும் தப்பியது.

இவற்றால், இடம் பெயர்ந்த சான்றினை எங்ஙனம் கொள்வது என்னும் வினா எழுகின்றது. மூகா வடிவமைத்த பூக்கே நகைக்கடை, 1901 இல் வேறொரு தெருவில் திறக்கப்பட்டு, பின்னர் அங்கிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு இங்கு நிற்கின்றது. பெயர்த்த பொருள் தன் காலத்தைக் கூறும். தன் தெருவையும் அண்டை வீட்டையும் கூறாது. மாளிகையோ நின்ற இடத்திலேயே நின்று, தன்மேல் நிகழ்ந்த திருத்தங்களையெல்லாம் காட்டுகின்றது. 1989 இல் அண்டையிலுள்ள லெ பெல்த்தியே மாளிகை இதனோடு இணைக்கப்பட்டது. 2016 முதல் 2021 வரை மூடப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது. அவையும் அவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

ஆதலின், அருங்காட்சியகத்துப் பொருளை ஆராய்வார், அஃது எவ்விடத்தினின்று, எவ்வழிவினின்று வந்தது என்பதையும் உடன் ஆராய்தல் வேண்டும். காப்பின் வரலாற்றை அழிவின் வரலாற்றினின்று பிரித்து எழுதுதல் இயலாது என்பதே எம் துணிபு.