தி ரேசர்ஸ் எட்ஜ் (புதினம்)

தி ரேசர்ஸ் எட்ஜ் என்பது ஆங்கில எழுத்தாளர் வில்லியம் சாமர்செட் மாம் (1874–1965) எழுதி 1944ஆம் ஆண்டு வெளிவந்த புதினம் ஆகும். "கத்தியின் கூர்முனை" எனப் பொருள்படும் இத்தலைப்பு கட உபநிடதத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆசிரியர் 1938ஆம் ஆண்டு திருவண்ணாமலை ரமணாசிரமத்திற்கு வந்து சென்றதன் தாக்கம் இப்புதினத்தில் உள்ளது.

கதைச்சுருக்கம்

முதல் உலகப் போரில் விமானியாக இருந்த லாரி டாரல் என்னும் அமெரிக்க இளைஞனைக் காப்பாற்றும்போது அவனுடைய நண்பன் இறந்துவிடுகிறான். உலகில் தீமை ஏன் உள்ளது என்ற கேள்வி லாரியை விடாது தொடர்கிறது. அவன் வேலையையும் நிச்சயிக்கப்பட்ட திருமணத்தையும் விட்டு, பாரிசிலும் பிற இடங்களிலும் அலைந்து, இறுதியில் இந்தியா வருகிறான்.

கதைசொல்லி

கதையைச் சொல்பவர் "மாம்" என்ற பெயரிலேயே வரும் ஓர் எழுத்தாளர். தாம் எதையும் புனையவில்லை என்று தொடக்கத்திலேயே வாசகரிடம் கூறிவிடுகிறார். (இதுவும் புனைவின் ஒரு பகுதியே என்பதை மறக்கலாகாது.) ஒரு மனிதன் பிறந்த ஊர், உண்ட உணவு, வழிபட்ட கடவுள் ஆகியவற்றாலும் ஆனவன், ஆதலால் ஆங்கிலேயரான தம்மால் அமெரிக்கர்களை முழுதாக அறிய இயலாது என்றும் ஒப்புக்கொள்கிறார்.

ஆறாம் பகுதியின் தொடக்கம் குறிப்பிடத்தக்கது. இப்பகுதியைப் படிக்காமல் விட்டாலும் கதை அறுந்துவிடாது என்று வாசகரை எச்சரிக்கும் கதைசொல்லி, இந்த உரையாடல் இல்லையேல் நூலையே எழுதியிருக்கமாட்டேன் என்ற பொருள்படவும் கூறுகிறார். பாரிசின் உணவு விடுதி ஒன்றில் விடியும் வரை லாரி தன் இந்திய அனுபவத்தைக் கூறுவதே அப்பகுதி. கதைசொல்லி கேட்கிறார், குறுக்குக் கேள்வி எழுப்புகிறார். நம்பும்படி வாசகரை வற்புறுத்துவதில்லை. உலகியல் மனிதர் ஒருவர் வழியாகச் சொல்லப்படுவதாலேயே லாரியின் அனுபவம் போதனையாகாமல் தப்புகிறது எனலாம்.

ரமணாசிரமத் தொடர்பு

லாரியின் குருவான ஸ்ரீ கணேசரின் ஆசிரமம் கதையில் திருவாங்கூரில் உள்ளது. அப்பாத்திரத்திற்கு முன்மாதிரி ரமண மகரிசி (1879–1950) எனக் கருதப்படுகிறது. அருணாசல மலையடிவாரத்தில், செங்கம் சாலையில் அமைந்த ஆசிரமத்திற்கு வந்த மாம் அங்கு மயங்கி விழுந்தார். மகரிசி அவர் இருந்த அறைக்கே வந்து, பெரும்பாலும் மௌனமாக அமர்ந்திருந்தார். மாம் சமாதி நிலை எய்தினார் என்ற பேச்சு பின்னர் பரவியது. தமக்கு அவ்வாறு மயக்கம் வருவது புதிதன்று என்று அவர் 1958இல் வெளியான "பாயிண்ட்ஸ் ஆஃப் வியூ" நூலிலுள்ள மகரிசி பற்றிய கட்டுரையில் எழுதினார். புதினத்திலோ அனுபவம் பெறுபவன் லாரி. மாம் கேட்பவர் மட்டுமே.

கதைசொல்லி மனிதனை ஆக்குபவை என்று தொடக்கத்தில் அடுக்கும் ஊர், உணவு போன்றவை "நான் யார்?" என்னும் ரமணரின் விசாரணையில் "நான்" அல்லாதவையாக விலக்கப்படுவன. லாரி செல்வத்தைத் துறக்கிறான். ஆயினும் துறவியாகாமல் அமெரிக்கா திரும்பி உழைத்து வாழ முடிவு செய்கிறான். இவ்விரு விடைகளில் எது சரி என்று கதைசொல்லி தீர்ப்பளிப்பதில்லை.

திரைப்படங்கள்

இப்புதினம் 1946இலும் 1984இலும் திரைப்படமாக்கப்பட்டது. முதற்படத்தில் டைரோன் பவர் லாரியாகவும் ஹெர்பர்ட் மார்ஷல் மாமாகவும் நடித்தனர். பில் மர்ரி நடித்த இரண்டாவது படத்தில் மாம் பாத்திரம் நீக்கப்பட்டது.