பிஸ்டன் வளையம் வந்த வரலாறு

புல்வெட்டும் இயந்திரம் வைத்துக் கூலி வேலை செய்பவர்கள், "இஞ்சினுக்கு இழுவை இல்லை, ரிங் தேய்ந்துவிட்டது" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். புதிய ரிங் போட்ட சில வாரங்களிலேயே இயந்திரம் மறுபடியும் படுத்துவிடுவதுண்டு. அதோடு அன்றாடக் கூலியும் நின்றுபோகும். எந்த ரிங்கை வாங்குவது என்பதை அதன் வரலாற்றிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

1712-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் தாமஸ் நியூகோமன் என்பவர் நிலக்கரிச் சுரங்கத்து நீரை இறைக்க நீராவி இயந்திரம் ஒன்றை அமைத்தார். அக்காலத்துச் சிலிண்டர்கள் சரியான வட்டமாக இருப்பதில்லை. ஆகவே பிஸ்டனைச் சுற்றித் தோலை வைத்து, அதன்மேல் தண்ணீர் ஊற்றி இடைவெளியை அடைத்தார்கள். பின்னர் வந்த ஜேம்ஸ் வாட், சிலிண்டர் சூடாகவே இருக்க வேண்டும் என்று கருதினார். தண்ணீர் ஊற்றினால் சூடு தணிந்துவிடுமே! அதனால் சணல் நாரில் மாட்டுக் கொழுப்பைத் தடவிச் சுற்றினார். பீரங்கி குடைவதற்காக ஜான் வில்கின்சன் 1774-இல் கண்ட முறையால் வட்டமான சிலிண்டரும் கிடைத்தது. ஆனால் நார் தேய்ந்துகொண்டே இருந்தது. அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது.

1852-இல் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற இரயில்வே பொறியியலாளர் இதற்கு வழி கண்டார். சிலிண்டரைவிடச் சற்று அகலமான உலோக வளையத்தின் ஓரிடத்தை வெட்டிவிட்டார். அதை அழுக்கி உள்ளே நுழைத்தால், தானே விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். 1876-இல் நிக்கோலாஸ் ஆட்டோ உருவாக்கிய இயந்திரத்தில் சிலிண்டருக்குள்ளேயே எரிபொருள் எரிந்தது. அந்த நெருப்பில் நார் நிற்குமா? உலோக வளையமே நிலைத்தது.

நேயர்களே, ரிங் விலை குறைந்தது. சிலிண்டர் விலை கூடியது. ரிங் தேய்ந்து சிலிண்டரைக் காக்க வேண்டும். ஆகவே முதலில் சிலிண்டரின் உட்சுவரைப் பாருங்கள். குரோமியம் பூசிய சுவருக்குக் குரோமியம் பூசிய ரிங் ஆகாது. இரண்டும் ஒன்றையொன்று கடித்துவிடும். அதற்குப் பூச்சில்லாத வார்ப்பிரும்பு ரிங்கே ஏற்றது. சுவரில் ஆழமான கீறல் இருந்தால் எந்த ரிங்கும் உதவாது.

அடுத்து, ரிங்கின் விட்டமும் கனமும் பொருந்த வேண்டும். பிறகு ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, வெட்டுவாயின் இடைவெளியைப் பீலர் கேஜால் அளந்து பாருங்கள். 40 மில்லிமீட்டர் சிலிண்டருக்கு ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் இருக்கலாம். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இடைவெளியே இல்லாவிட்டால் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். சூட்டில் ரிங் நீளும். முனைகள் முட்டி ஒடியும்.

டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் பிஸ்டன் பள்ளத்தில் சிறு ஊசி ஒன்று இருக்கும். ரிங்கின் வாய் அந்த ஊசியில் சரியாக அமர வேண்டும். இல்லையேல் சிலிண்டர் சுவரிலுள்ள துவாரத்தில் முனை மாட்டி உடைந்துவிடும்.

கடைக்குப் போகும்போது பழைய ரிங்கையும் இயந்திரத்தின் மாடல் எண்ணையும் கொண்டு செல்லுங்கள். கண்ணளவை நம்பி வாங்காதீர்கள்.