முடியாத உலக முடிவு

ஆசியா மைனரில் இருந்த ஏழு திருச்சபைகளுக்கு கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டது பைபிளின் கடைசி நூல் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ரோமப் பேரரசின் கீழ் வாழ்ந்த அந்த மக்களுக்கு உலக முடிவு என்பது வெறும் பயமுறுத்தல் அல்ல. நீதி கிடைக்கப்போகும் நாள்.

அமெரிக்கத் தொலைக்காட்சி அதில் பயத்தைத்தான் அதிகம் எடுத்துக்கொண்டது. 1996இல் தொடங்கிய 'மில்லேனியம்' தொடர், 2000 பிறக்கும் முன்பே, 1999 மே மாதம் நின்றுபோனது. 2005இல் வந்த 'சூப்பர்நேச்சுரல்' தொடரில் பைபிளின் ஏழு முத்திரைகளுக்குப் பதிலாக, 66 முத்திரைகள் உடைந்தால் லூசிஃபர் விடுதலையாவான். 2010இல் சகோதரர்கள் இருவர் உலக முடிவைத் தடுத்தனர். தொடர் 2020 வரை ஓடியது. உலகம் அழிந்துவிட்டால் அடுத்த வாரம் கதை ஏது?

2009இல் அதே தொடர், ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ஆட்டமாகவும் வெளிவந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1991இல் வந்த ஆட்டம் 'வேம்பயர்: தி மாஸ்கரேட்'. அதில் பைபிளின் காயீனே முதல் ரத்தக்காட்டேரி. 'கெஹன்னா' என்பது அவர்களின் இறுதிநாள். வெளியீட்டாளரான ஒயிட் உல்ஃப் 2004இல் அந்த உலகை உண்மையிலேயே முடித்தது. அதற்காக நான்கு விதமான முடிவுகளைத் தந்து, ஒன்றைத் தேர்வு செய்யும் பொறுப்பை ஆடுபவர்களிடமே விட்டது. 2011இல் அந்த உலகமும் சிறப்புப் பதிப்பாகத் திரும்பி வந்தது.

தொடரில் முடிவு தடுக்கப்படுகிறது, ஆட்டத்தில் தேர்வு செய்யப்படுகிறது. அன்று அந்த ஏழு சபைகள் காத்திருந்த நீதி மட்டும் இரண்டிலும் வருவதில்லை.