தனுஷ்கோடி மணல்வழி ஊர்திகள்

தனுஷ்கோடி மணல்வழி ஊர்திகள் என்பன, தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில் இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையிலுள்ள தனுஷ்கோடிக்குச் சாலை இல்லாத காலத்தில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணல்வெளி வழியாகப் பயணிகளை ஏற்றிச் சென்ற பழைய வேன்களையும் ஜீப்புகளையும் குறிக்கும். இவை நான்கு சக்கர இயக்கம் கொண்டவை. 2017 ஆம் ஆண்டு தார்ச்சாலை திறக்கப்படும் வரை சுற்றுலாப் பயணிகள் பெரிதும் இவற்றையே நம்பியிருந்தனர். கடற்கரையில் ஓடும் பழைய சிறு ஊர்திகளைப் பழுதுபார்ப்பதிலும் மாற்றியமைப்பதிலும் உள்ள சிக்கல்களுக்கு இவை நல்ல எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

1914 இல் பாம்பன் தொடருந்துப் பாலம் திறக்கப்பட்ட பின், இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் செல்லும் துறையாகத் தனுஷ்கோடி விளங்கியது. 1964 டிசம்பர் 22-23 இரவில் வீசிய புயல் ஊரையும், ஊரை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் தொடருந்தையும் அழித்தது. அதன் பின் அரசு இவ்வூரை வாழத் தகுதியற்றது என அறிவித்தது. எனினும் மீனவக் குடும்பங்கள் சில அங்கு வாழ்ந்து வருகின்றன.

1988 இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டதால் ஊர்திகள் தீவுக்குள் நேரடியாக வர முடிந்தது. ஆயினும் முகுந்தராயர் சத்திரத்திற்கு அப்பால் சாலை இல்லை. அங்கிருந்து அழிந்த ஊர் வரை சுமார் 5 கி.மீ. தொலைவு மணலும் ஆழமற்ற நீரும் கலந்த வழியே இருந்தது.

மணலில் இயங்கும் முறை

இரு சக்கரங்கள் மட்டும் இயங்கும் ஊர்தி தளர்ந்த மணலில் நின்றால், இயங்கும் சக்கரங்கள் சுழன்று குழி பறிக்கும். நான்கு சக்கர இயக்கத்தில் இழுவை நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படுவதால் இக்குறை குறைகிறது. டயரின் காற்றழுத்தத்தைக் குறைத்தால் டயர் மணலைத் தொடும் பரப்பு நீளும். எடை பரவி, சக்கரம் புதைவது குறையும். கெட்டியான சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்று நிரப்ப வேண்டும். இல்லையெனில் டயரின் பக்கச்சுவர் மிகுதியாக வளைந்து சூடேறி வெடிக்கக்கூடும்.

முன் அச்சையும் பின் அச்சையும் நேரடியாகப் பிணைக்கும் பழைய வகை நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச்சாலையில் பயன்படுத்தக் கூடாது. வளைவில் திரும்பும்போது இரு அச்சுகளும் வெவ்வேறு தொலைவு செல்கின்றன. மணலில் சக்கரம் சறுக்கி இவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். சாலையில் அதற்கு இடமில்லாததால் பற்சக்கரங்கள் முறுக்கத்திற்கு உள்ளாகிச் சேதமடையும்.

உப்பும் துருவும்

தனுஷ்கோடி நிலக்கீற்றின் இருபுறமும் கடலே உள்ளது. அமைதியான வடபுறத்தைப் பெண்கடல் என்றும், அலைமிகுந்த தென்புறத்தை ஆண்கடல் என்றும் மக்கள் அழைப்பர். இரு பக்கமிருந்தும் வரும் உப்புத் துளிகள் ஊர்தியின் மீது படிகின்றன.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிசனும் தேவை. நீரில் உப்பு கரைந்திருந்தால் அது மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் இவ்வேதிவினை விரைவுபடும். கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 33 விழுக்காட்டைத் தாண்டினாலே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். ஆகவே மழையில்லா நாளிலும் ஊர்தியின் அடிப்பகுதி ஈரமாகவே இருக்கும். இதனால் இப்பகுதியில் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கும்போதே அடிச்சட்டம் அரித்துப்போவதுண்டு.

வீட்டில் செய்யத்தக்க பழுதுபார்ப்பு

முதன்மையான பணி, நன்னீரால் அடிப்பகுதியைக் கழுவுவதாகும். மணலில் தோண்டும் ஆழமற்ற ஊற்றுகளே தனுஷ்கோடி மக்களுக்குக் குடிநீர் தருவதால், கழுவும் பணியை ஊர் திரும்பிய பின் செய்வதே பொருத்தம்.

சக்கரக் குடம் ஓட்டத்தில் சூடேறியிருக்கும். திடீரென நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, தேய்ந்த அடைப்பு வழியே உப்புநீரை உள்ளிழுக்கும். கிரீஸ் பால்நிறமாக மாறியிருந்தால் நீர் புகுந்துள்ளது எனக் கொள்ளலாம். பேரிங்கைக் கழுவி ஆராய்ந்து புதிய கிரீஸ் இட வேண்டும். பின் அச்சின் எண்ணெயையும் இவ்வாறே சோதிக்க வேண்டும்.

துருவின் மேல் வண்ணம் பூசுவது பயன் தராது. வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, துத்தநாகம் மிகுந்த அடிப்பூச்சு இட்ட பின்னரே மேற்பூச்சு பூச வேண்டும். இரும்பாலான பிரேக் குழாயில் துரு ஆழமாக அரித்திருந்தால் அதை மாற்றுவதே முறை. மின்பற்றவைப்பு செய்யுமுன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஊர்தியின் அடியில் செல்வது உயிருக்கு ஆபத்தானது. உறுதியான தாங்கிகள் தேவை. மணல்தரையில் தாங்கியின் கீழ்த் தடித்த பலகை இட வேண்டும்.

மாற்றியமைப்பும் சட்டமும்

கூடுதல் வில்தகடு சேர்ப்பது, பெரிய டயர் பொருத்துவது, சரக்குப் பெட்டியில் இருக்கை அமைப்பது ஆகியன பழைய ஊர்திகளில் பொதுவாகக் காணப்படும் மாற்றங்கள். வில்தகடு கூடினாலும் அச்சு, பிரேக், அடிச்சட்டம் ஆகியவற்றின் தாங்குதிறன் கூடுவதில்லை. பெரிய டயரால் ஈர்ப்பு மையம் உயரும். ஊர்தியை நிறுத்த மிகுந்த பிரேக் விசை தேவைப்படும். வேகமானி உண்மையைவிடக் குறைந்த வேகத்தைக் காட்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் ஊர்தியை மாற்றியமைத்தல் கூடாது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. சட்டம் விலக்களிக்கும் மாற்றங்களுக்கும் உரிய நடைமுறையும் பதிவும் தேவை.

சாலை வந்த பின்

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான 9.5 கி.மீ. தேசிய நெடுஞ்சாலை 2017 சூலை 27 அன்று திறந்து வைக்கப்பட்டது. அதன் பின் சாதாரண மகிழுந்துகளும் பேருந்துகளும் முனை வரை செல்கின்றன. மணல்வழி ஊர்திகளுக்கான பழைய தேவை நீங்கியது. எனினும் சாலையின் இருபுறமும் அதே கடலும் உப்புக் காற்றும் இருப்பதால், துருவுக்கு எதிரான பராமரிப்பு இப்பகுதி ஊர்திகள் அனைத்திற்கும் இன்றும் பொருந்தும்.